பனிச்சறுக்குநர் தூண்டும் பனிச்சரிவு

பனிச்சறுக்குநர் தூண்டும் பனிச்சரிவு என்பது, மலைச்சாய்வில் படிந்துள்ள பனியடுக்கு அதன்மீது சறுக்கியோ நடந்தோ செல்லும் ஒருவரின் எடையால் உடைந்து, பெருந்திரளாகக் கீழ்நோக்கிப் பாய்வதைக் குறிக்கும். பனிச்சரிவு என்றவுடன் மலையுச்சியிலிருந்து தானாக உருண்டு வந்து கீழே நிற்பவர்களை மூடும் ஒரு பேரிடரே பலருடைய மனக்கண்முன் தோன்றும். அத்தகையவையும் நிகழ்கின்றன. எனினும், பொழுதுபோக்குக்காக மலைக்குச் செல்வோர் உயிரிழக்கும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதைத் தொடங்கி வைத்தவர், அதில் சிக்கியவரோ அவருடன் சென்றவரோதான் என்பதை வட அமெரிக்க, ஐரோப்பியப் பதிவுகள் காட்டுகின்றன.

இவ்வகைப் பனிச்சரிவுகள் குளிர்காலம் முழுவதும் ஏற்படலாம். ஆயினும், வட அரைக்கோளத்தில் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான பருவத் தொடக்கத்துப் பனி இதில் தனி இடம் பெறுகின்றது. பனி குறைவாக இருப்பதால் இடரும் குறைவாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. பனியின் இயற்பியல் இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. மெல்லிய பனியே விரைவில் நலிவடைகின்றது. அந்த நலிவு, பின்னர் பெய்யும் பனியின் அடியில் மறைந்து பல மாதங்கள் நீடிக்கவும் கூடும். இக்கட்டுரை, இந்நிகழ்வை மிகுதியாகக் காணும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலத்தையும் அதனைச் சூழ்ந்த ராக்கி மலைத்தொடரையும் முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

சொற்கள் பற்றி

தமிழில் பனி என்னும் சொல் மார்கழி மாதத்துப் புல்நுனிப் பனித்துளியையும், மூடுபனியையும், இமயமலையில் பொழியும் வெண்பனியையும் ஒருசேரக் குறிக்கும். இக்கட்டுரையில் பனி என்பது வெண்பனியை மட்டுமே குறிக்கின்றது. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பின்மீது நேரடியாகப் பளிங்காகப் படிவது உறைபனி எனப்படும். மலையின் சரிந்த பரப்பைக் குறிக்கச் சாய்வு என்ற சொல்லும், பனி உடைந்து பாய்வதைக் குறிக்கச் சரிவு என்ற சொல்லும் ஆளப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் வேறுபடுத்தாவிடில் குழப்பம் நேரும்.

உதிரிச் சரிவும் பாளச் சரிவும்

பனிச்சரிவுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒரு புள்ளியில் தொடங்கி, மணற்குவியலின் பக்கம் சரிவதுபோல் விசிறி வடிவில் விரிந்து செல்வது உதிரிச் சரிவு. பரந்த பனிப்பரப்பு ஒன்று ஒரே நேரத்தில் பாளமாக வெடித்து, முழுவதுமாக வழுக்கிச் செல்வது பாளச் சரிவு. சறுக்குநர்களைக் கொல்பவற்றில் மிகப் பெரும்பான்மை பாளச் சரிவுகளே. உதிரிச் சரிவு பொதுவாகச் சறுக்குநருக்குக் கீழே தொடங்கி அவரைவிட்டு விலகிச் செல்லும். பாளச் சரிவில் உடையும் விளிம்பு பெரும்பாலும் அவருக்கு மேலே இருக்கும். அவர் ஏற்கனவே பாளத்தின் நடுவில் நிற்பார்.

பாளச் சரிவு ஏற்பட ஒட்டுறவுள்ள பனிப்பாளமும், அதன் அடியில் ஒரு நலிந்த அடுக்கும், போதிய சாய்வும் தேவை. ஏறத்தாழ 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளிலேயே இவை மிகுதியாக நிகழ்கின்றன; 38 பாகையை ஒட்டிய சாய்வுகளே மிக மோசமானவை. சறுக்குவதற்கு இன்பமானவை எனத் தேர்ச்சி பெற்றோர் தேடிச் செல்லும் சாய்வுகளும் இதே அளவின. இதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி சேரச்சேரச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுவதால், பெரும் பாளம் உருவாக வாய்ப்புக் குறைவு.

ஒரு சிறு கணக்கு பயன் தரும். 50 மீ அகலமும் 40 மீ நீளமும் 50 செமீ தடிப்பும் கொண்ட பாளத்தின் கன அளவு 1000 கன மீட்டர். ஓரளவு இறுகிய பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 200 கிலோகிராம் எனக் கொண்டால், அப்பாளத்தின் நிறை 200 டன். முழங்கால் உயரமே உள்ள பனி, ஒரு சிறு காணி அளவு நிலத்தில் இவ்வளவு நிறையைத் தாங்கிக் கொண்டுள்ளது. உலர்ந்த பாளச் சரிவு சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிமீ அளவிலான வேகத்தை எட்டக்கூடும்.

பருவத் தொடக்கப் பனி நலிவது எவ்வாறு

விழுந்த பனி மாறாமல் அப்படியே கிடப்பதில்லை. பனித்துகள்களுக்கு இடையில் காற்றும், அக்காற்றில் நீராவியும் உண்டு. பனியின் அடிப்பகுதிக்கும் மேற்பரப்புக்கும் இடையில் நிலவும் வெப்பநிலை வேறுபாடே, துகள்கள் எவ்வாறு உருமாறும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

கோடை முழுவதும் வெப்பத்தைச் சேமித்த நிலம், மேலே பனி மூடியபின் ஏறத்தாழ 0 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே இருக்கும். பனியின் மேற்பரப்போ, முகிலற்ற நீண்ட இரவில் விண்வெளியை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, சூழ்ந்துள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மேற்பரப்பு −16 பாகை எனக் கொள்வோம். பனியின் தடிப்பு 2 மீ எனில், ஒவ்வொரு 10 செமீக்கும் வெப்பநிலை 0.8 பாகை மாறும். தடிப்பு 40 செமீ மட்டுமே எனில், அதே 10 செமீக்கு 4 பாகை மாறும். குளிரும் நிலமும் ஒன்றுதான். பனியின் தடிப்பு குறைந்ததால் மட்டும் வேறுபாட்டு வீதம் ஐந்து மடங்காகின்றது. 10 செமீக்கு 1 பாகை என்பதைப் பனியியலாளர்கள் தோராயமான எல்லையாகக் கொள்கின்றனர். அதற்குக் குறைவாக இருந்தால் துகள்கள் மெல்ல உருண்டையாகி, தொடும் இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும், பனி வலுப்பெறும். அதற்கு மிகுந்தால் எதிர்மாறான மாற்றம் தொடங்கும்.

வெதுவெதுப்பான அடிப்பகுதியில் நீராவி அழுத்தம் மிகுதி. குளிர்ந்த மேற்பகுதியில் குறைவு. இட்லிப் பானையின் ஆவி எழுந்து மூடியின் உட்புறத்தில் படிவதுபோல, ஒரு பனித்துகளின் உச்சியிலிருந்து ஆவியாகும் நீர், அதற்கு மேலுள்ள துகளின் அடிப்புறத்தில் பளிங்காகப் படிகின்றது. இவ்வாறு துகள் துகளாக நீராவி மேலேறும்போது, துகள்களை இணைத்திருந்த ஒட்டுப் பாலங்கள் கரைந்து, தட்டையான முகங்களும் கூரிய முனைகளும் கொண்ட பளிங்குகள் வளர்கின்றன. இவை பட்டைப் பளிங்குகள் எனப்படும். மாற்றம் தொடர்ந்தால் வரிவரியான பக்கங்களைக் கொண்ட கிண்ண வடிவப் பளிங்குகள் உருவாகின்றன. நிலத்தை ஒட்டி அமைந்த இவ்வகை அடுக்கு, அடி உறைபனி எனப்படும். தெளிந்த வானமும் கடுங்குளிரும் நிலவினால், ஓரிரு வாரங்களிலேயே மெல்லிய பனி முழுவதும் இவ்வாறு மாறிவிடக்கூடும்.

ராக்கி மலைப் பகுதியினர் இதனைச் சர்க்கரைப் பனி என்று அழைக்கின்றனர். பெயர் பொருத்தமானது: கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரைபோல விரலிடுக்கில் வழிந்தோடும், எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வராது. இதன்மீது அடுத்த பெரும் பனிப்பொழிவு வந்து இறுகினால், சர்க்கரை பரப்பிய சாய்ந்த பலகைமேல் கடப்பைக்கல் ஒன்றை வைத்தது போன்ற அமைப்பு உருவாகிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு வெண்மையான கல் மட்டுமே தெரியும்.

இவ்வகை அடுக்குகள் நிலைத்த நலிவடுக்குகள் என வகைப்படுத்தப்படுகின்றன. புதிதாகப் பெய்த பனிக்குள் ஏற்படும் நலிவு பெரும்பாலும் ஓரிரு நாட்களில் சீராகிவிடும். பட்டைப் பளிங்கும் அடி உறைபனியும் அவ்வாறு எளிதில் இறுகுவதில்லை. வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் கூட அவை அப்படியே புதைந்து கிடக்கும். பனிப் பரப்பின் மேல் இரவில் இறகுபோல் வளரும் மேற்பரப்பு உறைபனியும் பின்னர் புதையுண்டால் இவ்வாறே நீடிக்கும்.

ஏன் கொலராடோ

ஒரு பகுதியின் குளிர்காலப் பனி கடல்சார்ந்தது, உள்நாட்டுக்குரியது, இவற்றுக்கு இடைப்பட்டது எனப் பிரிக்கப்படுகின்றது. வாசிங்டன், கலிபோர்னியா மலைகளில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அடுத்தடுத்துப் பெரும் பனியைக் கொட்டுவதால், தொடக்கப் பனி நலிவதற்குள் ஆழப் புதைந்துவிடும். கொலராடோ கடலிலிருந்து வெகுதொலைவில், உயர்ந்த, வறண்ட நிலப்பகுதியில் உள்ளது. அக்டோபரில் ஒரு பனிப்பொழிவு, பின்னர் வாரக்கணக்கில் தெளிந்த வானமும் கடுங்குளிரும் என்பதே அங்குப் பல ஆண்டுகளில் காணப்படும் போக்கு. அமெரிக்க மாநிலங்களுள் பனிச்சரிவால் மிகுதியானோர் உயிரிழந்தது கொலராடோவிலேயே. சறுக்குநர் தொகை மிகுதி என்பது ஒரு காரணமாயினும், பனியின் இத்தன்மையும் முதன்மையான காரணமாகும்.

எல்லாச் சாய்வுகளும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. தெற்கு நோக்கிய சாய்வுகளில் அக்டோபர்ப் பனி வெயிலில் உருகி மறைந்துவிடும். உருகிப்போன பனியால் இடரில்லை. அடுத்த பனி வெறும் நிலத்தின் மீதே படியும். வடக்கு, வடகிழக்கு நோக்கிய உயர்ந்த நிழற்சாய்வுகளில்தான் தொடக்கப் பனி தங்கி, நலிந்து, காத்திருக்கும்.

இங்குதான் பருவத் தொடக்கத்தின் சிக்கல் அமைந்துள்ளது. நவம்பர் மாதத்தில் சறுக்குவதற்குப் போதிய பனி எங்கே இருக்கும்? பழைய பனி எஞ்சியுள்ள அந்த நிழற்சாய்வுகளிலும், காற்று பனியை அள்ளிக் கொண்டுவந்து கொட்டும் மலைமுகட்டு மறைவுகளிலும், ஓடைப்பள்ளங்களிலும் மட்டுமே. வானத்திலிருந்து பெய்வதைவிடப் பன்மடங்கு விரைவாகக் காற்றினால் பனியைக் குவிக்க இயலும். அவ்வாறு குவிந்த பனி நொறுங்கி, நெருங்கி, இறுகிய பாளமாகின்றது. ஆகவே, மலை முழுவதும் பாறையும் புல்லுமாகத் தெரியும் நாளில், சறுக்கத் தக்கதாகக் கண்ணில் படும் ஒரே வெண்ணிறப் பட்டைதான், நலிந்த பழம்பனியின்மீது பாளம் அமர்ந்திருக்கும் இடமாகவும் இருக்கும்.

எடை எவ்வாறு விசையாகின்றது

ஒரு மனிதரின் எடை 200 டன் பனியை எவ்வாறு நகர்த்தும் என்ற வினா எழலாம். அவர் அதனை நகர்த்துவதில்லை. தன் எடையாலேயே கீழிறங்கக் காத்திருக்கும் பாளத்தின் அடியில், ஒரு சிறு பகுதியை மட்டும் அவர் முறிக்கின்றார்.

சறுக்குநரின் எடை பனிக்குள் ஆழம் செல்லச்செல்லப் பரவிக் குறைந்துவிடும். பொதுவாக முதல் ஒரு மீட்டருக்குள்தான் அது குறிப்பிடத்தக்க அளவில் உணரப்படும். நலிந்த அடுக்கு 2 மீ ஆழத்தில் இருந்தால் அதனை அவரால் எளிதில் எட்ட முடியாது. பருவத் தொடக்கத்தில் அது 30 அல்லது 50 செமீ ஆழத்திலேயே, அவரது காலுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றது. ஆண்டின் பிற்பகுதியிலும், பாறை அல்லது புதர் அருகே பாளம் மெலிந்திருக்கும் ஓரிடத்தில் கால் பட்டால் போதும். முறிவு அங்கே தொடங்கி, தடித்த பகுதிக்குப் பரவிவிடும். பத்துப் பேர் பாதுகாப்பாகச் சறுக்கிச் சென்ற சாய்வு பதினோராவது ஆளின்கீழ் உடைவதற்கு இதுவே காரணம். முன்சென்றோரின் தடங்கள், அவர்கள் அந்த மெலிந்த புள்ளியைத் தொடவில்லை என்பதை மட்டுமே சொல்கின்றன.

முறிவு பரவும் முறை பற்றி நீண்டகாலம் விவாதம் நிலவியது. நலிந்த அடுக்கின் மீது பாளம் பக்கவாட்டில் வழுக்குவதே தொடக்கம் என்று முன்னர்க் கருதப்பட்டது. அப்படியெனில் சமதளத்தில் நிற்பவரால், தொலைவிலுள்ள சாய்வில் சரிவைத் தூண்ட இயலாது. ஆனால் அவ்வாறு பலமுறை நிகழ்ந்துள்ளது. எயர்லி, கும்ப்ச், சைசர் ஆகியோர் 2008 இல் சயன்சு ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விளக்கம் தந்தது. பளிங்குகளால் ஆன நலிந்த அடுக்கு வெற்றிடம் மிகுந்தது. எடை பட்டதும் அது நொறுங்கிச் சில மில்லிமீட்டர் கீழே அமர்கின்றது. மேலுள்ள பாளம் வளைந்து, அடுத்த பகுதியையும் நொறுக்குகின்றது. இவ்வாறு அலைபோல் பரவும் முறிவுக்குச் சாய்வே தேவையில்லை. செங்குத்தான பகுதியை அது எட்டும்போது பாளம் வழுக்கத் தொடங்கும். சீட்டுக்கட்டு வரிசை சாய்வதை ஓரளவு ஒப்பிடலாம். முறிவின் வேகம் நொடிக்குப் பல பத்து மீட்டர். பெரும் சரிவுகளில் அது நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டக்கூடும் என 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. விலகிச் செல்ல நேரம் இருக்கும் என்ற எண்ணத்திற்கு இந்த எண்களில் இடமில்லை.

அடுக்கு நொறுங்கி அமரும்போது, அடியிலிருந்து ‘வூம்ப்’ என்ற அமுங்கிய ஒலி கேட்பதுண்டு. சமதளத்தில் இவ்வொலி கேட்டால், அருகிலுள்ள இதே போன்ற சாய்வு உடையும் நிலையில் உள்ளது என்று பொருள். இயற்கை தரும் எச்சரிக்கைகளுள் இதைவிடத் தெளிவானது அருகில் அண்மையில் நிகழ்ந்த சரிவு ஒன்றே.

சில நிகழ்வுகள்

2017 அக்டோபர் 7 அன்று மொன்ட்டானா மாநிலத்தின் மேடிசன் மலைத்தொடரில், இம்ப் சிகரத்தை நோக்கி ஏறிய சறுக்குநர் இருவர் ஒரு பாளச் சரிவைத் தூண்டினர். அதன் தடிப்பு 30 முதல் 60 செமீ. அகலம் ஏறத்தாழ 45 மீ. ஒருவர் பகுதியளவே புதையுண்டு தப்பினார். மற்றவர் முழுமையாகப் புதையுண்டு இறந்தார். அவரது இருப்பிடங்காட்டும் கருவி பைக்குள் அணைக்கப்பட்ட நிலையில் இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில், பனிச்சரிவு முன்னறிவிப்பு மையங்கள் நாள்தோறும் அறிக்கை வெளியிடத் தொடங்கும் முன்பே நிகழ்ந்த இவ்விபத்து, பருவம் நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்குவதில்லை என்பதற்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

தொடக்கப் பனியின் தாக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைக் கொலராடோவின் லவ்லேண்டு கணவாய்க்கு அருகில், சீப் கிரீக் பள்ளத்தில் 2013 ஏப்பிரல் 20 அன்று நிகழ்ந்த விபத்து காட்டியது. சிக்கிய ஆறு பேரில் ஐவர் இறந்தனர். ஒருவர் பல மணி நேரம் பனியில் சிறைப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டார். கொலராடோவில் 1962 க்குப் பின் ஒரே பனிச்சரிவில் இத்தனை பேர் இறந்தது இதுவே முதன்முறை. உடைந்த பாளத்தின் முறிவுச் சுவர் சில இடங்களில் ஆளுயரத்தைத் தாண்டி நின்றது. சரிவு வழுக்கிய அடுக்கோ, நிலத்தை ஒட்டிக் கிடந்த பழைய அடி உறைபனி. அதாவது, குளிர்காலத்தின் தொடக்கத்தில் உருவாகிய நலிவு, வசந்தகாலப் பனியின் எடையை ஏற்றபின் ஏப்பிரலில் முறிந்தது.

இவ்விபத்தில் மற்றொன்றும் கருதத்தக்கது. அவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். மீட்புக் கருவிகள் அனைவரிடமும் இருந்தன. அன்றைய முன்னறிவிப்பைப் படித்திருந்தனர். அதில் இதே இடர் குறிப்பிடப்பட்டிருந்தது. இடரான சாய்வு எது என்பதையும் அறிந்திருந்தனர். அதன் அடியோரமாக, இடைவெளி விட்டு, விரைவாகக் கடந்துவிடலாம் என்பதே அவர்களது திட்டம். ஆழ்ந்த நிலைத்த நலிவடுக்கு உள்ள இடத்தில் அடியோரமும் பாளத்தின் ஒரு பகுதியே என்பதும், அவர்கள் விட்ட இடைவெளியைவிடச் சரிவு மிக அகன்றது என்பதும் அத்திட்டத்தை வீழ்த்தின.

2020–21 குளிர்காலத்தில் இதே காரணம் மிகப் பரந்த அளவில் செயற்பட்டது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்த பனி நீண்ட வறட்சியில் நலிந்து, ராக்கி மலைகளின் பெரும்பகுதியில் அடித்தளமாக அமைந்தது. சனவரி இறுதியில் பெரும் புயல்கள் வந்தன. சனவரி 30 முதல் பெப்ரவரி 6 வரையிலான ஒரே வாரத்தில் அமெரிக்காவில் 15 பேர் பனிச்சரிவுகளில் இறந்தனர். அவ்வாரத்தின் இறுதி நாளில் யூட்டா மாநிலத்தின் மில் கிரீக் பள்ளத்தாக்கில் இரு குழுக்களைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே சரிவில் சிக்கி, நால்வர் உயிரிழந்தனர். அக்குளிர்காலம் முழுவதிலும் நாட்டில் இறந்தோர் 37 பேர். வழக்கமான ஆண்டுச் சராசரி 30 க்கும் கீழ். கொரோனாப் பெருந்தொற்றால் சறுக்குத் திடல்களில் கட்டுப்பாடுகள் இருந்ததும், பலர் காட்டுமலைகளை நாடியதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. எனினும் இறந்தோரில் பலர் பல்லாண்டு அனுபவம் உடையோர் என்பதால், புதியவர்களின் அறியாமையால் மட்டுமே இது நேர்ந்தது என்பதை ஏற்பது கடினம்.

சோதனையும் முடிவெடுத்தலும்

பனியைத் தோண்டிப் பார்த்து நலிவை அறியும் பல முறைகள் உள்ளன. 2006 இல் அறிமுகமான நீட்டித்த பனித்தூண் சோதனை இன்று பரவலாகப் பயன்படுகின்றது. 90 செமீ அகலமும் 30 செமீ ஆழமும் கொண்ட பனித்தூண் ஒன்று நான்கு புறமும் தனியாக வெட்டப்படும். அதன் ஒரு முனையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து முறையும், முழங்கையை அசைத்துப் பத்து முறையும், தோளிலிருந்து பத்து முறையும் தட்டுவர். முறிவு தட்டிய இடத்தோடு நின்றுவிடுகின்றதா அல்லது தூணின் மறுமுனை வரை ஓடுகின்றதா என்பதே நோக்கத்தக்கது. ஓடினால் அச்சாய்வில் இறங்கக் கூடாது. ஓடாவிட்டால் இறங்கலாம் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. சில மீட்டர் தள்ளித் தோண்டியிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கலாம். அபாயம் உண்டு என்பதை மெய்ப்பிக்க ஒரு குழி போதும், அபாயம் இல்லை என்பதை மெய்ப்பிக்க எத்தனை குழியும் போதா.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முன்னறிவிப்பு மையங்கள் இடரை ஐந்து நிலைகளாகக் குறிக்கின்றன. இறப்புகள் மிகுதியாக நிகழ்வது ஐந்தாம் நிலையிலோ நான்காம் நிலையிலோ அல்ல. ‘கணிசமான இடர்’ எனப்படும் மூன்றாம் நிலையில்தான். நான்கிலும் ஐந்திலும் மக்கள் வீட்டில் இருந்துவிடுகின்றனர். மூன்று என்பது நடுவில் இருப்பதால் ‘பரவாயில்லை’ என்று கொள்ளப்படுகின்றது. உண்மையில் மனிதர் தூண்டினால் சரிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்பதே அந்நிலையின் பொருள்.

அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 விபத்துகளை இயன் மெக்காமன் என்பவர் ஆராய்ந்து, அவற்றில் சிக்கியோர் எடுத்த முடிவுகளில் சில பொது இழுப்புகளைக் கண்டார். பழகிய இடம் என்ற துணிவு, எடுத்த முடிவை மாற்ற மனமின்மை, குழுவில் தேர்ந்தவராகக் கருதப்படுபவரைக் கேள்வியின்றிப் பின்பற்றுதல், அரிதாகக் கிடைக்கும் புதுப்பனியைப் பிறருக்கு முன் அடைய வேண்டும் என்ற வேட்கை முதலியன அவை. கடைசியாகச் சொன்னது பருவத் தொடக்கத்தில் உச்சத்தில் இருக்கும். ஏழெட்டு மாதங்கள் காத்திருந்தவருக்கு முதல் வெண்பட்டை கண்ணில் பட்டுவிட்டது. பனிச்சரிவு பற்றிய நினைவோ சென்ற வசந்தத்தோடு மங்கிவிட்டது.

புதையுண்டபின்

பாய்ந்து நின்ற பனி உடனே இறுகிவிடும். புதையுண்டவர் பெரும்பாலும் விரலைக் கூட அசைக்க இயலாது. சுவிட்சர்லாந்துத் தரவுகளைக் கொண்டு 1994 இல் வெளியான ஆய்வு, முழுமையாகப் புதையுண்டோரில் 15 நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோர் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதையும், 35 நிமிடங்களில் அவ்வீதம் பத்தில் மூன்றாகச் சரிவதையும் காட்டியது. அந்நாட்டின் பிற்காலத் தரவுகளைச் சேர்த்து 2024 இல் வெளிவந்த ஆய்வு, முதற்கட்ட அவகாசம் 10 நிமிடமே என்று திருத்தியது. பெரும்பாலானோர் இறப்பது மூச்சுத்திணறலால். வெளிவிட்ட மூச்சே மூக்கின் முன் உறைந்து பனிக்கட்டித் திரையாகிவிடுகின்றது. குளிரில் விறைத்து இறப்பதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடும்.

ஆகவே, மீட்புக் குழுவை அழைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் உடலைத் தேடுவதாகவே முடியும். உடன் சென்றவரே மீட்பர். அவரிடம் 457 கிலோ எர்ட்சு அலைவெண்ணில் இயங்கும் இருப்பிடங்காட்டும் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ளவரை வெளியே எடுக்க ஏறத்தாழ ஒரு டன் பனியை அள்ள வேண்டியிருக்கும் என்பதால், கருவி காட்டிய பின்னரும் நேரம் கரையும். முதுகுப்பையில் விரியும் காற்றுப்பைகள் உடலைப் பனித்திரளின் மேற்பகுதியில் வைத்திருக்க உதவுகின்றன. கடும் சரிவுகளில் இறப்பு வீதத்தை இவை 22 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாகக் குறைப்பதாக 2014 இல் வெளியான ஆய்வு கண்டது. பாதியாகக் குறைந்தாலும் ஒன்பதில் ஒருவர் இறக்கின்றார்.

பருவத் தொடக்கத்தில் இக்கருவிகளின் பயன் இன்னும் குறைகின்றது. பனி மெல்லியதாக இருப்பதால் பாறைகளும் வெட்டுண்ட மரக்கட்டைகளும் மூடப்படாமல் நீட்டிக் கொண்டிருக்கும். முழுமையாகப் புதைக்கப் போதாத சிறு சரிவும் ஒருவரைப் பாறைகளின் மீது இழுத்துச் சென்று கொல்லவல்லது.

மிதித்துக் கட்டுப்படுத்தல்

சறுக்குத் திடல்களில் காவலர்கள் வெடிபொருட்களைக் கொண்டு, மக்கள் வருமுன்பே சரிவுகளைத் தூண்டிவிடுகின்றனர். திடல் திறக்கப்படுமுன் இப்பணி முழுமையாக நடைபெறாது. திறக்கப்படாத திடலைக் காட்டுமலையாகவே கருத வேண்டும்.

தொடக்கப் பனியின் நலிவுக்கு மட்டும் ஒரு பழமையான எளிய மருந்து உண்டு; அது காலால் மிதித்தல். கொலராடோவின் ஆசுபென் ஐலண்ட்சு திடலில் ஐலண்டு பௌல் என்னும் உயர்ந்த கிண்ண வடிவச் சாய்வு உள்ளது. 1984 மார்ச்சு 31 அன்று அங்குச் சரிவுக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த காவலர் மூவர் பனிச்சரிவில் இறந்தனர். பிற்காலத்தில் அச்சாய்வு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் ஆட்கள் வரிசையாகச் சாய்வில் இறங்கி, அடி எடுத்து அடி வைத்துப் பனியைத் தரைவரை மிதிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. காலணி இறங்கும் ஒவ்வோரிடத்திலும் சர்க்கரைப் பனி நொறுங்கி, மேற்பனியோடு கலந்து இறுகுகின்றது. தொடர்ச்சியான நலிவடுக்கு துண்டுதுண்டாகிவிடுகின்றது. போதிய நாட்கள் மிதிப்போருக்குப் பருவகால நுழைவுச் சீட்டு கூலியாக வழங்கப்படுகின்றது. நாற்று நடவில் வரிசையாகக் குனிந்து செல்வோரை நினைவூட்டும் இவ்வேலையில், பெரும் பொறிகள் எவையும் இல்லை.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் பனிச்சரிவு என்ற சொல் பலருக்கும் அறிமுகமானது, 2016 பெப்ரவரியில் சியாச்சின் பனியாற்றில் மதராசு படைப்பிரிவைச் சேர்ந்த வீரர் பத்துப் பேர் உயிரிழந்த நிகழ்வின் வழியாக இருக்கக்கூடும். அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். அங்குப் பனித்திரள் பாசறையின் மீது வந்து விழுந்தது. இக்கட்டுரை கூறும் வகையினின்று அது வேறானது.

சறுக்குநர் தொடர்பான இடர் இந்தியாவில் முதன்மையாகக் காசுமீரின் குல்மார்க்கில் காணப்படுகின்றது. அங்குள்ள கம்பிவட ஊர்தி, அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் வரை சறுக்குநர்களைக் கொண்டு சேர்க்கின்றது. அங்கிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதியைத் தாண்டிச் செல்வது எளிது. 2023 பெப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவரும், 2024 பெப்ரவரி 22 அன்று உருசிய நாட்டவர் ஒருவரும் அங்குப் பனிச்சரிவில் இறந்தனர். 2024 இல் சனவரி மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க்கு பனியின்றி வறண்டு கிடந்ததும், மாத இறுதியில்தான் பனி பெய்யத் தொடங்கியதும் நாடு முழுவதும் செய்தியாயின. பருவத் தொடக்கம் எனும்போது திங்களைவிடப் பனியின் தடிப்பே கணக்கு. இமயமலையில் அது பெப்ரவரியிலும் அமையலாம்.

இந்தியாவில் இத்துறையில் ஆய்வு செய்வதற்காகப் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1969 இல் மணாலியில் தொடங்கப்பட்டது. 2020 இல் அது மற்றொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம், குளிர்காலத்தில் மேற்கு இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகின்றது.